திரையில் கேட்ட பெயர்

ஃபெங் அபு எங்கள் சபைக்காரர். ஆற்றுக்கு மேலே சரிவில் கருப்பு ஏலக்காய் போட்டிருந்தார். சாப்பாடு இறங்கவில்லை என்று நான் ஆயாவாக இருக்கும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வயிற்றில் கேன்சர்.

அவர் மகன் யோஹான் எங்களிடம் கெஞ்சினான். "அப்பாகிட்ட வயித்துப்புண்ணுன்னே சொல்லுங்க. பேரைக் கேட்டா மனசு விட்டுருவாரு."

எங்கள் பக்கத்து வழக்கம் அதுதான். நோயாளியைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் ஆப்பரேஷனுக்குக் குன்மிங் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்த ஆஸ்பத்திரி வாசலிலேயே நோயின் பெயரைப் பெரிதாக எழுதியிருப்பார்கள். அதனால் யோஹான் ஒத்துக்கொள்ளவில்லை.

எங்கள் டாக்டர் துவான் குன்மிங் டாக்டர்களோடு வீடியோவில் கூட்டம் போட்டார். முன்பெல்லாம் ஸ்கேனைச் சுமந்துகொண்டு நாள் முழுக்க பஸ்ஸில் போனால், ஒரு டாக்டர் இருப்பார், இன்னொருவர் லீவில் இருப்பார். இப்போது எல்லாரும் ஒரே திரையில் வந்துவிடுகிறார்கள், ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். ஆனால் வயிற்றை அமுக்கிப் பார்க்க அவர்களுக்குக் கை எட்டாது. கேமரா காட்டுவதுதான் கண்ணுக்குத் தெரியும்.

அபுவை அழைத்து வந்து வயிற்றைக் காட்டினோம். பிறகு ஓரமாக நாற்காலியில் உட்கார வைத்தேன். மழையில் லைன் கெட்டு, படம் உறைந்து நின்றது. படம் திரும்பி வந்தபோது, கேமராவில் தெரியாத அபு வெளியே போய்விட்டார் என்று குன்மிங் டாக்டர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

"கேன்சர் இன்னும் பரவல. இப்பவே எடுத்துட்டா நல்லது. வீட்டுக்காரங்க ஏன் தயங்குறாங்க?" என்றார் பெரிய டாக்டர்.

டாக்டர் துவான் சத்தத்தைக் குறைக்கப் பாய்ந்தார். அவர்கள் பேசியது சீனம்; எங்கள் மலை மொழி வேறு. ஆனால் ரோடு வேலையில் பல வருஷம் இருந்த அபுவுக்குச் சீனம் நன்றாகவே தெரியும். எழுந்து கேமரா முன்னால் போய் நின்றார்.

"எடுத்தா பொழைப்பேனா டாக்டர்?"

பெரிய டாக்டர் கேமராவுக்குக் கிட்டே வந்தார். "வாய்ப்பு நல்லாவே இருக்குங்க. உறுதி சொல்ல முடியாது."

"அப்ப வரேன்."

யோஹான் சுவரைப் பார்த்து அழுதான். அபு அவன் முதுகில் ஒன்று வைத்தார். "புண்ணு புண்ணுன்னு சொல்லி எனக்குக் கஞ்சியா ஊத்துனியேடா, பாவி! போறதுக்குள்ள ஒரு துண்டு பன்னிக்கறியாவது கண்ணுல காட்டுவியா?"

"அப்பா, நான்..."

"சரி சரி, மூக்கைத் துடை. அந்த டாக்டருங்க பாக்குறாங்க."

வார்டுக்குத் திரும்பும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டே நடந்தார்.

"தங்கச்சி, சபையில எனக்காக என்னன்னு ஜெபம் பண்ணுறீங்க?"

"வயித்துப்புண் ஆறணும்னுதாண்ணே."

"இனிமே சரியான பேரைச் சொல்லிக் கேளுங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்படியே கேட்டோம்.