பாம்புக் குட்டிக்கு வைத்த பால்

பாம்பு பால் குடிக்காது. இதை இந்தக் குளிர்காலத்தில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். பதினாறு பேர். ஒத்துக்கொண்டவர்கள் இரண்டு பேர்தான்: மிருக வைத்தியரும் என் மகளும். அவர்கள் இருவருக்கும் நான் சொல்லாமலே தெரியும்.

பாம்பு மகளுடையது. ஜேர்மன்காரர் கோர்ன்நாட்டர் என்று சொல்லும் விஷமில்லாத இனம். ஒரு வயது ஆகாத குட்டி. சுண்டுவிரல் பருமன், செம்மஞ்சள் உடம்பு, முதுகில் முப்பத்துநான்கு சிவப்புத் திட்டுகள். மகள் வேலைக்காக ஆறு மாதம் ஆஹென் நகருக்குப் போனாள். அங்கே எடுத்த அறையில் பிராணிகள் வைத்திருக்க விடமாட்டார்களாம். கண்ணாடிப் பெட்டியோடு ஹம் நகரில் எங்கள் வீட்டில் கொண்டுவந்து இறக்கினாள்.

“அப்பா, உங்களை நம்பித்தான் விட்டிட்டுப் போறன். அம்மாவையும் மாமாவையும் கிட்ட விடாதேங்கோ” என்றாள்.

ஓம் என்றேன். முப்பது வருடம் தொழிற்சாலைக் களஞ்சியத்தில் சாமான் எண்ணியவன் நான். ஒரு பாம்பைப் பார்க்க எனக்கு ஏலாதா?

வேலை பெரிதில்லை. வாரம் ஒரு தடவை உறைந்த எலிக்குஞ்சு ஒன்றை இளஞ்சூட்டு நீரில் இளக்கி, நீண்ட இடுக்கியால் நீட்ட வேண்டும். கண் நீலம் பாரித்துப் புகை மூடினால் தோல் கழற்றப் போகிறது என்று அர்த்தம். அந்த நாட்களில் தொடவும் கூடாது, தீனியும் வேண்டாம். ஒளிந்துகொள்ள ஈரப்பாசி போட்ட சிறு பெட்டியும், சுருண்டு கிடக்க ஒரு கிண்ணம் தண்ணீரும் இருந்தால் மிச்சத்தை அது தானே பார்த்துக்கொள்ளும். மனிதர்கள் விட்டால்.

கந்தசஷ்டி விரதம் தொடங்கிய அன்று குட்டியின் கண் நீலமானது. அதே வாரம் ஹனோவரில் என் பழைய சிநேகிதர் இறந்துபோனார். மூன்று நாள் நான் அங்கே நிற்க வேண்டியிருந்தது. மனைவிக்கு நான்கு விஷயம் சொன்னேன்: பாம்பைத் தொடக் கூடாது, தண்ணீர் மாற்ற வேண்டும், பாசியில் நீர் தெளிக்க வேண்டும், ஹீற்றரைக் கூட்டக் கூடாது.

“ஓம், ஓம். நான் என்ன சின்னப்பிள்ளையே?” என்றாள்.

திரும்பி வந்தபோது வாசலில் ஒன்பது சோடி சப்பாத்துகள். உள்ளே சாம்பிராணிப் புகை. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் என் மனைவியின் தமையன் நின்று, வந்தவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். கோயில் காரியம் எதுவென்றாலும் முன்னுக்கு நிற்பவர் அவர்.

“வாரும் மச்சான். சஷ்டிக்கு நாகதம்பிரான் உம்மட வீடு தேடி வந்திருக்கிறார். நீர் என்னெண்டால் ஊர் சுத்தப் போட்டீர்.”

“செத்தவீட்டுக்குப் போனனான், அத்தான்.”

“அப்ப முழுகிப்போட்டுக் கிட்ட வாரும். துடக்கோட வராதையும்.”

என் வீட்டில், என் பொறுப்பில் இருக்கிற பாம்பைப் பார்க்க நான் முழுக வேண்டும். அவரை விலக்கிக்கொண்டு போய்க் குனிந்து பார்த்தேன். தண்ணீர்க் கிண்ணத்தில் பால், மேலே ஆடை. பாசிப்பெட்டி நிறையத் திருநீறு. திருநீறு ஈரத்தை உறிஞ்சிப் பாசி வைக்கோலாய்க் காய்ந்திருந்தது. வந்தவர்களுக்குக் குளிராமல் இருக்க ஹீற்றரை முழுதாகத் திறந்திருந்தார்கள். ஈரமானி இருபத்துநான்கு காட்டியது. ஐம்பதுக்குக் கீழே போகவே கூடாது.

குட்டி மூலையில் கிடந்தது. ஒரே உறையாகக் கழன்றிருக்க வேண்டிய தோல் துண்டு துண்டாய்க் கிழிந்து உடம்போடு ஒட்டியிருந்தது. பதினொரு துண்டு. இரண்டு கண்ணிலும், தோலோடு சேர்ந்து கழல வேண்டிய பழைய மூடி அப்படியே இருந்தது. வால் நுனியில் மோதிரம் போல ஒரு வளையம். அது இறுகினால் இரத்தம் ஓடாமல் நுனி அழுகிவிடும். கண்மூடி கழலாவிட்டால் பார்வை போகும்.

“ஆர் பால் வைச்சது?”

“நான்தான். ரெண்டு தரம் குடிச்சவர்” என்றார் அத்தான்.

“குடிச்சதைக் கண்டனீங்களோ?”

“கிண்ணத்தில குறைஞ்சிருந்தது.”

“அது ஹீற்றர் குடிச்சது.”

வந்திருந்த ஒரு அம்மா சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். எல்லாரையும் போகச் சொன்னேன். “ஆக்களுக்கு முன்னால ஏன் கத்துறியள்?” என்று மனைவி அழுதாள். ஆட்களுக்கு முன்னால்தான் கத்த வேண்டும் என்று கத்தினேன். அத்தான் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, போகிற போக்கில் ஒரு யோசனை சொன்னார்: “நுனியைப் பிடிச்சு இழுத்துவிடுமன்.” நான் கதவைச் சாத்தினேன். பதில் சொல்லியிருந்தால் உறவு முறிந்திருக்கும்.

மூடியில் துளையிட்ட பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் இளஞ்சூட்டு நீரில் நனைத்த துவாயை விரித்துக் குட்டியை அதற்குள் விட்டேன். நன்றாக ஊறிய பிறகு, ஈரத்துவாயைக் கையில் தளரச் சுற்றி அதனூடாக ஊர விட்டேன். இழுக்கக் கூடாது. அது ஊர ஊரத் தோல் துவாயில் தங்கிவிடும். மகள் தொலைபேசியில் பார்த்துக்கொண்டே, “கண்ணில மட்டும் கை வைக்காதேங்கோ அப்பா” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு துண்டாய் எண்ணி மேசையில் வைத்தேன். பத்தாவதோடு ஒரு கண்மூடியும் வந்தது. பதினொன்றாவது, அந்த வால் வளையம், மறுபடி ஊறப்போட்ட பிறகுதான் கழன்றது. இடது கண்மூடி வரவில்லை. மிருக வைத்தியரிடம் கேட்டேன். நகத்தால் தொடாதே, நாளைக்கும் ஊறவை, வராவிட்டால் கொண்டுவா என்றார்.

அடுத்த நாளும் ஊறவைத்தேன். அதற்கு மறுநாள் காலை இடது கண் கறுப்பு மணி போலத் தெளிந்திருந்தது. மரப்பட்டையில் உரசியிருக்க வேண்டும். கழன்ற மூடியைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். கிடைக்கவேயில்லை.

இனித் தின்ன வேண்டும். ஐஸ்பெட்டியைத் திறந்தால் எலிகளைக் காணவில்லை.

“விரதத்துக்கு அதுகளை வீட்டுக்குள்ள வைச்சிருக்கேலுமே? பால்கனியில வைச்சனான். குளிர்தானே” என்றாள் மனைவி.

பால்கனியில் பகலெல்லாம் வெயில். எட்டு எலியும் இளகி நாறிக் கிடந்தன. எட்டையும் குப்பையில் போட்டுவிட்டுக் கடைக்குப் போய்ப் புதிதாக வாங்கினேன். அதை இளக்கச் சமையலறைக்குள் விடமாட்டாளாம். குளியலறையில் என் பல்துலக்கும் குவளையில் இளக்கினேன். குட்டி முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. இத்தனை நாள் பட்டினி கிடந்த குட்டி தின்ன மறந்துவிடுமோ என்ற பயத்தில் எனக்கும் சோறு இறங்கவில்லை.

விரதம் முடிந்து பாறணைச் சாப்பாட்டுக்கு அத்தான் வந்தார். தனியாகத்தான் வந்தார். நான் புது எலி ஒன்றை இளக்கி, இடுக்கியில் நீட்டிக்கொண்டு பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்தேன். கோபம் தணியாததால் எழும்பவில்லை. அவர் கைகூப்பிக்கொண்டு கிட்ட வந்த நேரம் குட்டி பாய்ந்து பிடித்தது. மூன்று சுற்றுச் சுற்றியது. பிறகு தலையிலிருந்து விழுங்கத் தொடங்கியது.

“இதென்ன மச்சான்?”

“எலி.”

“இண்டைக்கோ?”

“அவருக்கு இண்டைக்குத்தான் பாறணை.”

மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். அத்தான் அசையவில்லை. கூப்பிய கை கூப்பியபடியே நின்று, எலியின் வால் உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

“அப்ப, அடுத்தது எப்ப குடுக்க வேணும்?”

“அது என்ர வேலை. நீங்கள் போய்ச் சாப்பிடுங்கோ.”

பெட்டியைப் பூட்டித் திறப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மகளுக்குச் சொல்லத் தொலைபேசியை எடுத்தேன்.