அணைத்ததும் மறந்துவிடும் கணினி

14 மார்ச் 2025, வெள்ளிக்கிழமை, காலை மணி 9.10
ரிங்லெட்

தோட்ட மண்டப வாசிப்பறை நண்பர்களுக்கு,

1. செய்தி

பிப்ரவரி 25, செவ்வாய்க்கிழமை மாலை, என் வீட்டு வாசலில் காய்கறி லோரியை நிறுத்திய ஓட்டுநர், நான் தோட்டத்தில் கணக்கெழுதிய காலத்துப் பெயரைச் சொல்லி, இறங்காமலேயே கூப்பிட்டார்: "கிராணி ஐயா, நம்ம வயர்மேன் தங்கராசு போயிட்டார்லா." நான் ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். பனி இறங்கி, ஏரி தெரியவில்லை. எந்தத் தங்கராசு என்று கேட்டேன். நம் தோட்டத்தில் ஒரே ஒரு தங்கராசுதான் என்பது தெரிந்தும் கேட்டேன்.

நாளை மறுநாள் நடக்கும் நினைவுக் கூட்டத்துக்குக் கருமாதியன்று வந்த கால் வீக்கத்தால் என்னால் வர இயலாது. இதை யாராவது நிதானமாகப் படிக்கவும்.

2. அவரும் அந்த பென்டிரைவும்

மண்டபக் கணினியின் வன்தட்டு 2016-இல் பழுதானது. தேயிலைத் தொழிற்சாலையில் வயர்மேனாக இருந்த தங்கராசு, புதியது வாங்க வேண்டாம் என்றார். இயங்குதளம் முழுவதையும் ஒரு பென்டிரைவில் ஏற்றிக் கொண்டுவந்தார். அதைச் செருகினால் கணினி விழிக்கும். அணைத்தால், அன்று செய்தது அனைத்தையும் மறந்துவிடும். வேண்டியதை வேறொரு பென்டிரைவில் சேமித்து எடுத்துச் செல்ல வேண்டும்.

நினைவில் வைத்திருக்கும்படி அதை மாற்றலாமே என்று பலர் கேட்டோம். அவர் மறுத்தார். லயத்து வரிசை வீட்டு மக்கள் அங்கே வந்துதான் உதவித்தொகை மனு எழுதினார்கள், மருத்துவ அறிக்கை பார்த்தார்கள், மணவிலக்குக் கடிதமும் தட்டினார்கள். "ஒருத்தர் எழுந்திரிச்சா, அடுத்தவங்க உட்காரும்போது நாற்காலி சூடா இருக்கக் கூடாது கிராணி" என்பார். வீட்டிலிருந்த பழைய மடிக்கணினியையும் அப்படியே இயக்கினார்.

அவர் மீது நான் உண்மையாகவே கோபப்பட்டது ஒருமுறைதான். கோவில் கூட்டக் குறிப்பு முழுவதையும் தட்டிவிட்டு, சேமிக்காமல் அணைத்துவிட்டேன். மேசையைத் தட்டிக் கத்தினேன். அவர் தேத்தண்ணீரை நீட்டி, "முதல் தடவை நீங்க எழுதினா சாமிக்கே புரியாதுலா. ரெண்டாவது தடவை தட்டுங்க, சுருக்கமா வரும்" என்றார். வந்தது. ஏழு பக்கம் மூன்றானது. கோவில் தலைவர் முதன்முறையாக என்னைப் பாராட்டினார்.

இனி எழுதுவது, லயங்களில் இப்போது நடக்கும் பேச்சைப் பற்றியது.

அவர் மகன் குமரேசன் 2019-இல் ஜொகூரில் தானே பெண் பார்த்து மணந்துகொண்டார். தங்கராசு போகவில்லை. அதன்பின் தந்தையும் மகனும் பேசவில்லை. மருமகளின் பெயரை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. இறந்த அன்று மதியம் முழுவதும் மகனுக்குக் கடிதம் தட்டிக்கொண்டிருந்தார். "பொழுதுசாய படிச்சுக் காட்டுறேன்" என்று மனைவி லெட்சுமியிடம் சொல்லிவிட்டு, தண்ணீர் குடிக்க எழுந்தவர் அடுப்படியில் விழுந்தார்.

மார்ச் 12, கருமாதி முடிந்ததும் குமரேசன் அந்த மடிக்கணினியை இயக்கினார். அப்போதுதான் வாங்கியது போல் வெறுமையாகத் திறந்தது.

"மாமா, அப்பா எனக்கு எழுதினது எங்க? பாஸ்வர்ட் ஏதும் போட்டிருக்காரா?"

பூட்டு ஏதும் இல்லை, அணைத்தபோதே போய்விட்டது என்றேன்.

"யாரு அணைச்சது?"

லெட்சுமி கதவோரம் நின்றிருந்தார். "நான்தான்ப்பா. சாவு வீட்ல டீவி, ரேடியோ எல்லாத்தையும் நிறுத்துனேன். அதுவும் எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு, அணைச்சேன்."

குமரேசன் மடிக்கணினியை மூடினார். "என்கிட்ட வந்து சேரவே கூடாதுன்னு இருக்கும்மா" என்றார். இரவுக்கு முன்பே மலையிறங்கிவிட்டார்.

"அண்ணே, ஒரு வரியாச்சும் எடுக்க முடியாதா?" என்று லெட்சுமி கேட்டார். முடியாது என்று சொல்ல வேண்டியவன் நானாக இருந்தேன். மருமகள் மீதுள்ள கசப்பால் தாயே அழித்துவிட்டார் என்று லயங்களில் இப்போது பேசுகிறார்கள். நண்பர்களே, அவர் எதையும் அழிக்கவில்லை. சாவு வீட்டில் செய்ய வேண்டியதைச் செய்தார். சேமிக்காதவர் தங்கராசு. மாலை வரை இருப்போம் என்று நம்பினார். இதை அந்தக் கூட்டத்தில் உரக்கப் படியுங்கள்.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான்: எதையும் இரண்டாவது முறை எழுதும் பழக்கம். இந்தக் கடிதமும் அப்படி எழுதியதே. அவருக்கு அந்த இரண்டாவது முறை வாய்க்கவில்லை.

3. இணைப்புகள்

கூட்டத்துக்கு வருவதாகக் குமரேசன் நேற்றுத் தொலைபேசியில் கூறினார். கீழ்க்கண்டவற்றை அவர் கையில் சேர்க்கவும்.

அ. தங்கராசுவின் பென்டிரைவ் ஒன்று. இயங்குதளம் மட்டுமே உள்ளது. மும்முறை தேடிவிட்டேன்.

ஆ. இக்கடிதத்தின் பிரதி ஒன்று.

இ. தபால் உறை ஒன்று. அணைத்த மடிக்கணினியின் அடியில் இருந்ததாக லெட்சுமி நேற்றுக் கொண்டுவந்து கொடுத்தார். தபால்தலை ஒட்டியிருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. முகவரி தங்கராசுவின் கையெழுத்து. பெறுநர் இடத்தில் இரண்டு பெயர்கள் உள்ளன: குமரேசன், மருமகள் தேன்மொழி.