எழுத்துத் தேய்ந்த சிப்புகளும் பர்வீன் அக்காவும்

பர்வீன் அக்காவின் சாலிடரிங் இரும்பின் ஒயர் அன்று காலை அழகாகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. நான் முதலில் கவனித்தது அதைத்தான். அவர் ஒருநாளும் ஒயரைச் சுற்ற மாட்டார். "நாளைக்கும் வரத்தான போறேன், இன்னாத்துக்குச் சுத்தணும்?" என்பார். யார் சுற்றியது என்று திரும்பிப் பார்த்தேன். கடை முதலாளி சேகர் அண்ணன் ஷட்டர் பக்கம் நின்றிருந்தார். "பர்வீன் போயிடுச்சு பாப்பா. ஜுரம்னு ஆஸ்பத்திரில சேர்த்தாங்கல்ல, அப்டியே போயிடுச்சு" என்றார்.

மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்சந்தில் இருக்கும் இந்த ரிப்பேர் கடையில் எங்கள் இருவருக்கும் ஒரே மேசை. சந்தில் உள்ள உங்கள் எல்லாருக்கும் அவரைத் தெரியும். டீக்கடை வரை கேட்கும் அவர் சிரிப்பும் தெரியும். மேசையில் அவர் எப்படி இருந்தார் என்று எழுதலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் குடும்பத்தை அரசாங்கம் ஆற்றோரக் குடிசையிலிருந்து ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு மாற்றியபோது என் பள்ளிக்கூடம் நின்றுபோனது. வேலைக்கு வந்த புதிதில் யாரிடமும் பேச மாட்டேன். வாடிக்கையாளர் வந்தால் குனிந்துகொள்வேன். "இன்னா மச்சி, வாயில கொழுக்கட்டையா?" என்று அக்கா கேட்டார். பதினேழு வயதுப் பெண்ணை அவர் மச்சி என்று கூப்பிட்டதில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரிடம் மட்டும் பேசத் தொடங்கினேன். வேலை சொல்லிக்கொடுங்கள் என்று ஒருமுறை கேட்டதற்கு, "நான் இன்னா டீச்சரா? எனக்கே தெரியாது. வா, ரெண்டு பேரும் சேர்ந்து தெரியாம இருப்போம்" என்றார்.

சில கருவிகளில் சிப்பின் மேல் இருக்கும் எழுத்தைத் தயாரிப்பவர்களே தேய்த்துவிட்டு அனுப்புவார்கள். பார்த்து வேறு யாரும் செய்துவிடக் கூடாது என்பதற்காக. அது கெட்டுப்போனால் என்ன வாங்கிப் போடுவது என்று தெரியாது. அப்படி ஒன்று வந்தால் அக்கா முதலில் அதற்கு ஒரு பெயர் வைப்பார். அன்று காலை அவரைக் கோபப்படுத்தியவர் யாரோ அவருடைய பெயர். வாடகை கேட்கும் வீட்டுக்காரர், பஸ் கண்டக்டர், சொந்தத் தம்பி எல்லாரும் எங்கள் மேசையில் கிடந்திருக்கிறார்கள். "பேர் இல்லாதவன்னு உலகத்துல யாரும் கெடயாது மச்சி. நமக்குத் தெரியாதவன், அவ்ளோதான்" என்பார். பிறகு மீட்டரை எடுத்து, சிப்பின் எந்தக் கம்பிக்கால் பேட்டரியின் நெகடிவுக்குப் போகிறது என்று பார்ப்பார். "அவன் தரைல எங்க நிக்கிறான்னு மொதல்ல பாரு. மத்த கதைய அப்புறம் கேளு."

தவறும் செய்வார், சத்தமாகச் செய்வார். ஒரு ஸ்பீக்கர் பெட்டியில் இருந்த சிப் இன்னதுதான் என்று சத்தியம் செய்து, அதே மாதிரி ஒன்றை வாங்கிப் போட்டார். சுவிட்சைப் போட்டதும் புகை. சேகர் அண்ணன் கத்த ஆரம்பித்தார். அக்கா புகையைக் கையால் விசிறிக்கொண்டே, "இவன் அவன் இல்லன்னு தெரிஞ்சிடுச்சுல்ல? இன்னும் கொஞ்ச பேருதான் பாக்கி" என்றார். அண்ணனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அக்காவுக்கு ஜுரம் வருவதற்குச் சற்று முன்னால் தேவராஜ் என்ற ஆட்டோக்காரர் கடைக்கு வந்தார். தொண்டையில் ஆபரேஷன் செய்து அவருடைய குரல்வளையை எடுத்திருந்தார்கள். கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்று வைத்திருந்தார். டார்ச் லைட் அளவு இருக்கும். கழுத்தில் வைத்து அழுத்தினால் அதிரும், அந்த அதிர்வைத்தான் வாய் பேச்சாக்கும். அது நின்றுபோயிருந்தது. கவுண்டரில் கிடந்த தாளில் அவர் எழுதிக் காட்டினார்: வீட்டம்மாவுக்குக் கண் தெரியாது. சைகை செய்தும் பயனில்லை. அந்தக் கருவி இல்லாமல் ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவரால் மனைவியிடம் ஒரு வார்த்தை பேச முடியவில்லை.

"உங்க குரலு எங்கிட்டதான கீது அண்ணே. பத்திரமா வெச்சிருப்பேன், போய்ட்டு வாங்க" என்றார் அக்கா.

உள்ளே எட்டுக் கால் சிப் ஒன்று, எழுத்துத் தேய்த்தது. அதற்கு வீட்டுக்காரர் பெயர் விழுந்தது. எட்டுக் கால் சிப்புகளில் பெரும்பாலும் நெகடிவ் ஒரு மூலையில் இருந்தால் பாசிடிவ் குறுக்காக எதிர்மூலையில் இருக்கும். அக்கா நெகடிவைக் கண்டுபிடித்துவிட்டு எதிர்மூலையைத் தொட்டார். அங்கே மின்சாரம் வரவில்லை. போர்டில் மின்சாரம் ஓடும் செம்புக் கோடு எங்கோ அறுந்திருக்கிறது என்று நினைத்து, லென்ஸை வைத்துக்கொண்டு அறுந்த இடத்தைத் தேடினார். மறுநாள் அவர் வரவில்லை.

அக்கா போன பிறகு சேகர் அண்ணன் அந்தக் கருவியை எடுத்து என்னிடம் தந்தார். "பர்வீனுக்கே புடிபடல. மூடி திருப்பிக் குடுத்துடு பாப்பா, புதுசு வாங்கிக்கட்டும்." புதியது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அதுவரை கண் தெரியாத அந்த வீட்டம்மா என்ன செய்வார் என்று நினைத்தேன். மீட்டரை எடுத்தேன்.

கோடு எங்கும் அறுந்திருக்கவில்லை. எட்டுக் காலையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தபோது பாசிடிவ் கிடைத்தது. குறுக்கே இல்லை, நெகடிவுக்கு நேர் எதிரில் இருந்தது. அப்படி நிற்கும் சிப்புகள் குறைவு. இன்னும் இரண்டு கால்கள் ஒன்றோடொன்று இணைந்திருந்தன. இந்த இரண்டு அடையாளமும் சேர்ந்ததும் ஆள் தெரிந்துவிட்டது. பொம்மை சைரன்களில் நாங்கள் இருவரும் எத்தனையோ முறை பார்த்த சாதாரண டைமர் சிப்தான் அது. ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கும். அக்கா இன்னும் ஒருநாள் உட்கார்ந்திருந்தால் அவரே பிடித்திருப்பார், சந்து முழுக்கக் கேட்கும்படி வீட்டுக்காரரைத் திட்டியும் இருப்பார். புதிய சிப்பைப் போட்டு மேசைமேல் வைத்து அழுத்தினேன். கருவி உறுமியது.

அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. இரும்பும் லென்ஸும் கடையுடையவை. "எனக்குத் தெரியாது" என்று கூச்சமில்லாமல் சொல்லிவிட்டு, எழுந்து போகாமல் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பாரே, அதைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

மாலையில் தேவராஜ் வந்தார். கருவியைக் கழுத்தில் வைத்தார். முதலில் வெறும் ரீங்காரம். பிறகு ஏற்ற இறக்கமில்லாத குரலில் வார்த்தைகள் வந்தன.

"பர்வீன் எங்கம்மா? அதுகிட்டதான் மொதல்ல பேசணும்னு வந்தேன்."

சேகர் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். நான் எழுந்து கவுண்டருக்கு வெளியே போனேன். அவரை உட்காரச் சொல்லிவிட்டு, நானே சொன்னேன்.