ஜுபைர் பாயும் பல் சேராத குமிழும்

திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் சவுண்ட் சர்வீஸ் நடத்தும் ஜுபைர் பாய்க்கு எல்லாச் சொல்லும் வரும், ‘பொருந்தாது’ என்ற ஒன்று மட்டும் வராது. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் வாடகைக்கு விடுவது அவர் தொழில். பழுது பார்ப்பது ஆசை. மிக்ஸியின் குமிழை ஃபேன் ரெகுலேட்டரில் மாட்டுவார், ரெகுலேட்டரின் குமிழை ஆம்ப்ளிஃபயரில் மாட்டுவார். ஆடினால் உள்ளே சைக்கிள் ட்யூபில் ஒரு துண்டு, இறுகினால் மேலே ஒரு தட்டு. “பொருந்தும், பொருந்தும்” என்று சொல்லி அனுப்பிவிடுவார். நாலு நாளில் அது கழன்று வந்தால் சிரித்துக்கொண்டே இன்னொரு துண்டு வைப்பார். யாருக்கும் அவர்மேல் கோபம் வந்ததில்லை. அந்த முகத்தைப் பார்த்துக் கோபப்படுவது அவ்வளவு சுலபமும் இல்லை.

அவர் மனைவி ரஹமத்துன்னிசா மட்டும் விடமாட்டாள். “பொருத்தம் பாக்கற வழக்கம் நம்மாளுங்கள்ல இல்ல. அதான் நீங்க தப்பிச்சீங்க” என்பாள். பாய் அதற்கும் சிரிப்பார்.

கடையில் வருஷா வருஷம் ஆயுத பூஜை உண்டு. சந்தனம், குங்குமம், பொரி, பூசணிக்காய் எல்லாம் மைக் கட்டும் தருமனின் பொறுப்பு. பாய் கற்பூரம் காட்டமாட்டார். ஆனால் முதல் நாளே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு துடைக்க உட்கார்ந்துவிடுவார். “பூஜை உன்னுது, புழுதி என்னுது” என்பது அவருக்கும் தருமனுக்கும் இடையே உள்ள ஒப்பந்தம். எல்லா ஆம்ப்ளிஃபயர்களின் குமிழ்களையும் பிடுங்கி ஒரே பக்கெட்டில் சோப்புத் தண்ணீரில் ஊறப்போடுவார். எல்லாம் ஒரே ஜாதிப் பெட்டிகள் என்பதால் எது எதில் ஏறினாலும் குறை வந்ததில்லை.

இந்த வருஷம் அந்தப் பக்கெட்டில் வேறு மூன்று குமிழ்களும் விழுந்துவிட்டன. அவை அருணாதேவியின் எலெக்ட்ரிக் கிடாருடையவை.

அருணாதேவி அடி அண்ணாமலைக்காரி. வேங்கிக்காலில் அரசு அலுவலகத்தில் வேலை. நாற்பது வயதைத் தாண்டிய பிறகு கிடார் பிடித்தவள். போனைப் பார்த்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாமல் கற்றுக்கொண்டாள். “எனக்குக் கம்பியச் சொறியற சத்தம்தான் கேக்குது” என்று கணவன் மணிவேல் கிண்டல் செய்வான். அவள் வாசிப்பை அவனும் ஒருநாள்கூடக் காதால் கேட்டதில்லை.

விஜயதசமியன்று ஊர் மாரியம்மன் கோயில் மெல்லிசைக் கச்சேரியில் ஒரே ஒரு பாட்டு அவளுக்கு ஒதுக்கியிருந்தார்கள். அன்றைக்குத் தொடங்கினால் துலங்கும் என்று அவளே அந்த நாளைக் கேட்டு வாங்கினாள். வால்யூமைத் திருகினால் கரகரவென்று சத்தம் வந்ததால் கிடாரைப் பாயிடம் கொடுத்திருந்தாள். பாய் குமிழ்களைக் கழற்றி, உள்ளே அழுக்கு எடுக்கும் மருந்து அடித்து, கரகரப்பைப் போக்கிவிட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். சுத்தமாகக் கொடுப்போமே என்று குமிழ்களையும் பக்கெட்டில் போட்டார். பூஜையன்று அவரும் தருமனும் எடுத்துத் துடைத்தபோது எல்லாம் கறுப்பு, எல்லாம் ஒரே உயரம். கைக்கு வந்ததை எடுத்து மாட்டினார்கள்.

விஜயதசமி மத்தியானம் அருணாதேவி கடைக்கு வந்து கிடாரை வாசித்துப் பார்த்தாள். அவளுடைய பாட்டு சத்தமே இல்லாமல் தொடங்கும். ஒரு கை கம்பியை மீட்டும்போதே அந்தக் கையின் சுண்டுவிரல் வால்யூம் குமிழை உருட்டி ஏற்றவேண்டும். அப்படிச் செய்தால் கம்பி அடிபடும் சத்தம் மறைந்து, வயலினில் வில் போட்டு இழுத்ததைப் போல ஓசை எழும்பி வரும். அவள் உருட்டினாள். குமிழ் சுற்றியது. ஓசை வரவில்லை.

“பாய், நாப் மட்டும் சுத்துது. உள்ள இருக்கற தண்டு அசையவே இல்ல.”

“பொருந்தும்மா, ஒரு நிமிஷம்” என்று பாய் சைக்கிள் ட்யூப் வைத்தார். இரண்டு முறை ஏறி இறங்கியது, மூன்றாவது முறை வழுக்கியது. நூல் சுற்றினார். அதுவும் வழுக்கியது. குமிழே இல்லாமல் வெறும் தண்டை உருட்டிப் பார்க்கச் சொன்னார். அவள் சுண்டுவிரலுக்கு அந்தத் தண்டு அகப்படவே இல்லை.

அப்போதுதான் பாய் போன் கேமராவைப் பெரிதாக்கி அந்தத் தண்டைப் பார்த்தார். தலையைச் சுற்றிப் பொடிப்பொடியாகப் பற்கள். எண்ணினால் இருபத்து நாலு. தம் ஆம்ப்ளிஃபயரின் தண்டைப் பார்த்தார். அதில் பதினெட்டு, எல்லாம் தடித்த பற்கள். குமிழின் வயிற்றுக்குள்ளும் அதே கணக்கில் பள்ளங்கள் இருந்தால்தான் பிடிக்கும். இத்தனை வருஷமாகத் தொழில் செய்தும், தண்டு என்றால் தண்டுதான் என்று நினைத்திருந்த மனிதருக்கு முகம் சிறுத்துப்போனது.

கிடாரின் மற்ற இரண்டு குமிழ்களும் கடையிலேயே அகப்பட்டன. அவை மெலிதான கிளிக் சத்தத்தோடு தண்டில் போய் உட்கார்ந்தன. வால்யூம் குமிழை மட்டும் காணவில்லை. கச்சேரி மேடையில் ஒயர் இழுத்துக்கொண்டிருந்த தருமனுக்குப் போன் போட்டார்.

“இங்க ஆம்ப்ளிஃபயர்லதான் மாட்டியிருக்குது பாய். நேத்து உள்ள போகலன்னு கட்டிங் பிளேயரால ஒரு தட்டு தட்டுனேன். இப்ப இழுத்தா ரெண்டா வருது” என்றான் தருமன். யாரிடமிருந்து அவன் அந்தத் தட்டைக் கற்றுக்கொண்டான் என்று பாய் கேட்கவில்லை.

பழைய ரேடியோ, டேப், ஸ்டெபிலைசர் குமிழ்கள் கிடந்த டப்பாவைத் தரையில் கொட்டினார்கள். ரஹமத்துன்னிசாவும் வந்து உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். சிலதில் துளை பெரிசு, சிலதில் பாதி வட்டம், சிலதில் பக்கவாட்டில் ஸ்க்ரூ. அந்த ஸ்க்ரூவை இறுக்கினால் நடுவே பிளந்த தண்டு நசுங்கிக் குமிழ் கோணிக்கொண்டது. டப்பா தீர்ந்தது.

அருணாதேவி கிடாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். “பரவால்ல பாய். என் பாட்ட எடுத்துடச் சொல்லிடறேன். ஆபீஸ்ல எல்லாரையும் வரச் சொல்லிட்டேன், அதான்…” என்றாள். ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. அதை இழுத்துக்கொண்டே நின்றாள்.

பாய் காலி டப்பாவை ஓரமாகத் தள்ளினார். “என் தப்பும்மா” என்றார். “நான் மாட்டுனது எதுவும் பொருந்தல.” ரஹமத்துன்னிசா நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். கிண்டல் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை.

கடை மூலையில் வெள்ளைத் துணி போர்த்திய ஒரு பெட்டி இருந்தது. ஆசிரமம் பக்கம் குடியிருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது பாய்க்கென்று கொடுத்துவிட்டுப் போன அமெரிக்க கிடார் ஆம்ப்ளிஃபயர் அது. முகப்பில் வரிசையாகத் தந்த நிறத்தில், எண் போட்ட பெரிய குமிழ்கள். அதைப் பாய் வாடகைக்கு விட்டதில்லை, விலைக்குக் கேட்டவர்களுக்குக் காட்டியதுகூட இல்லை. அதன் குமிழ்களைப் பக்கெட்டுக்கும் அனுப்பமாட்டார், தம் கையால்தான் துடைப்பார். இப்போது அவர் பார்வை அங்கே போனது. எழுந்து போய்த் துணியை விலக்கி, முதல் குமிழைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். அதன் வயிற்றுக்குள் பொடிப்பொடியாகப் பள்ளங்கள்.

கிடாரின் தண்டில் அதை வைத்தார். தட்டவில்லை, அழுத்தவும் இல்லை. கட்டைவிரலால் லேசாக ஒரு அமுக்கு, அவ்வளவுதான். கிளிக் என்றது.

கறுப்புக் கிடாரில் தந்த நிறத்தில் ஒரு பெரிய குமிழ், மாப்பிள்ளைக்குப் பக்கத்து வீட்டுச் சட்டை போட்ட மாதிரி இருந்தது. அருணாதேவி சுண்டுவிரலை நீட்டினாள். பழைய சின்னக் குமிழை எட்டிப் பிடிக்க வேண்டியிருந்த விரல், இதன்மேல் தானாகவே போய் உட்கார்ந்தது. உருட்டினாள். ஓசை எழும்பியது.

“பாய், உங்க ஆம்ப்ளிஃபயர்?” என்றாள்.

அந்தப் பெட்டி முன்பல் போனதைப் போலச் சிரித்துக்கொண்டிருந்தது. “அது சும்மாதானம்மா தூங்குது. நீ கெளம்பு, டைம் ஆவுது” என்றார் பாய்.

சாயங்காலம் கோயில் முன்னால் நல்ல கூட்டம். மேடைக்குப் பக்கவாட்டில் பாய் தம் வழக்கப்படி ஆம்ப்ளிஃபயர் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். யார் பாடினாலும் அவர் விரல் வால்யூமைவிட்டு விலகாது. பாடுபவர் கத்தினால் குறைப்பார், முனகினால் ஏற்றுவார். அவருக்குப் பாட்டு என்றால் அவ்வளவுதான். ஸ்பீக்கர் கூவுகிறதா, இரைகிறதா என்று மட்டுமே அவர் காது கேட்கும். எந்த மேடையிலும் எந்தப் பாட்டையும் அவர் முழுசாகக் கேட்டதே கிடையாது.

அருணாதேவி வந்து நின்றாள். “நம்ம மணிவேலு பொண்டாட்டிப்பா” என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். அவள் கிடாரின் வாரைத் தோளில் சரிசெய்துகொண்டாள். முன்வரிசையில் மணிவேல் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான்.

முதலில் ஒன்றுமே கேட்கவில்லை. பாய் பதறி வால்யூமை ஏற்றப்போனார். அதற்குள் அவள் சுண்டுவிரல் அந்தப் பெரிய குமிழை மெல்ல உருட்டியது. எங்கிருந்து தொடங்கியது என்று தெரியாமல் ஒரு நாதம் கிளம்பி, கோயில் வாசலைக் கடந்து கிரிவலப் பாதைவரை போய், அப்படியே இறங்கி அடங்கியது. மறுபடி எழுந்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். மணிவேல் பக்கத்தில் இருந்தவரின் தொடையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஏற்றுவதும் அவளே, இறக்குவதும் அவளே. பாய்க்குச் செய்ய ஒன்றுமில்லை. விரலை எடுத்தார். எடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். சந்தோஷத்தில் கண் கரைந்து வழிந்தது. அவர் துடைக்கவில்லை.

தருமன் பயந்துபோய் ஓடிவந்தான். “இன்னா பாய், வால்யூம விட்டுட்டீங்க? செட்டு கூவப்போகுது.”

“அது அந்தம்மா கையில இருக்குது” என்றார் பாய். “நீ உக்காந்து கேளு.”