இரண்டரை அடி

அலுவலகத்தில் அவருக்கு ‘டேப்’ என்று பட்டப்பெயர். டேப்பைக் கையால் தொடாத சர்வேயருக்குப் போய் அந்தப் பெயரை வைத்ததுதான் வேடிக்கை. அவருடைய ஒரு தப்படி அச்சு பிசகாமல் இரண்டரை அடி. நாற்பது தப்படி வைத்தால் நூறு அடி. இருபத்தெட்டு வருஷமாக எந்த இடத்தையும் முதலில் அவர் நடந்து பார்த்து அளவு சொல்வார். பிறகு உதவியாளரான செயின்மேன் டேப்பைப் பிடிப்பார். இரண்டும் ஒன்றாகவே இருக்கும். அதில் மனிதருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருக்காதா பின்னே?

ஒரு நாள் பள்ளிக்கூட மதில் ஒன்றை நடந்து பார்த்துவிட்டு நூற்று முப்பது அடி என்றார். செயின்மேன் டேப்பை இழுத்தார். நூறு. டேப்தான் இழுபட்டு நீண்டுவிட்டது என்று இவர் ஒரே சாதனையாகச் சாதித்தார். இரும்பு டேப் எங்கே இழுபடும்? ஆனால் அதை அவரிடம் யார் சொல்வது?

நடக்கும்போது அவருடைய வலது கை வீசாமல் தொங்குவதை அதே வாரத்தில் மனைவி கவனித்துவிட்டார். நரம்பு டாக்டர் விரல்களைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், பார்க்கின்சன் நோய், ஆரம்ப கட்டம்தான் என்றார். மாத்திரை மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டுமாம். பிசியோதெரபிஸ்ட் இருக்கும் ஆஸ்பத்திரியோ பஸ்ஸில் நாலு மணி நேரம். அதனால் வாரத்துக்கு மூன்று நாள் வீட்டிலிருந்தே, போனில் வீடியோ வழியாக என்று முடிவாயிற்று.

அதிகாரி மூன்று மாதம் விடுப்பு கொடுத்தார். அதற்குள் நடை தேறினால் பழையபடி வெளிவேலை. இல்லாவிட்டால் ஓய்வு பெறும்வரை ரெக்கார்டு ரூம். ஜன்னல் இல்லாத அந்த அறையை நினைத்தாலே அவருக்கு மூச்சு முட்டியது.

போனைப் பிடிக்கும் பொறுப்பு மனைவிக்கு. முதல் நாள் பத்து நிமிஷம் பிசியோதெரபிஸ்டுக்கு மின்விசிறியின் தரிசனம்தான் கிடைத்தது. அந்த அம்மாள் பொறுமைசாலி. சுவரோரம் ஒரு நாற்காலியைப் போடச் சொல்லி, மனைவியைப் பக்கத்திலேயே நிற்கச் சொல்லி, கையை வீசிப் பெரிதாக அடி வைக்கும்படி சொன்னார். இவர் நடந்தார். இன்னும் பெரிதாக என்றார். மறுபடி நடந்தார். இன்னும் என்றதும் டேப்புக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

“இருபத்தெட்டு வருஷமா நடந்தே நிலம் அளந்தவன்மா நான். என் தப்படி எனக்குத் தெரியாதா?”

அந்த அம்மாள் வீட்டில் டேப் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். வாசல் கதவிலிருந்து சமையலறைவரை தரையில் டேப்பை விரித்தார்கள். இருபது அடி. எட்டே தப்படியில் முடிய வேண்டும். அவர் நடந்தார்; மனைவி எண்ணினார். பதினொன்று. தான் வைத்த ஒவ்வொன்றும் இரண்டரை அடிதான் என்று அவர் சத்தியம் பண்ணத் தயார். டேப் அசையாமல் கிடந்தது.

“சார், உங்க நடை மட்டும் சின்னதாகல. அதை அளக்கிற அளவுகோல் மூளைக்குள்ள இருக்கில்ல, அதுவும் சேர்ந்து சின்னதாயிடுச்சு. அதான் உங்களுக்குச் சரியா வைக்கிற மாதிரியே இருக்கு.”

டேப் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அளவுகோலே சுருங்கிப் போனால் அதை வைத்து எதை அளந்தாலும் தப்பு தெரியவே தெரியாது. சர்வே வேலையில் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கிற விஷயம் அது. அது தன் மண்டைக்குள்ளேயே, சத்தமில்லாமல், தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நடந்திருக்கிறது. பயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மூளை எப்பேர்ப்பட்ட வேலை பார்த்திருக்கிறது என்று வாய்விட்டே சொன்னார்.

பிறகு எழுந்தார். தெருப்பக்கம் இருந்த ஜன்னல்களைச் சாத்தினார். ஒரு சாக்கடையைத் தாண்டுவதாக நினைத்துக்கொண்டு, அசிங்கமாக, கூத்தாடி மாதிரி, கையையும் காலையும் வீசி நடந்தார். சரியாக எட்டுத் தப்படி. வெட்கத்தில் அவர் நிமிரவே இல்லை. சார் எப்படி நடந்தார் என்று பிசியோதெரபிஸ்ட் மனைவியைக் கேட்டார்.

“சீக்குக்கு முன்னாடி எப்பவும் நடக்குற மாதிரிதான் நடந்தாரு,” என்றார் மனைவி.

அன்றிலிருந்து ஒரு நாள்கூடத் தவறவில்லை. தப்பாகத் தோன்றுவதுதான் சரி என்று தினம் தினம் தன்னையே நம்பாமல் நடப்பது லேசுப்பட்ட காரியமா? டேப் அதைச் செய்தார். கொஞ்சம் அசந்தால் போதும், அடி சுருங்கிவிடும். மறுபடி முதலிலிருந்து நடப்பார்.

மூன்று மாதம் முடிந்ததும் அதிகாரி, உழுது போட்டிருந்த ஒரு நிலத்துக்கு அவரை வரச் சொல்லி, தூரத்து எல்லைக்கல்வரை போய்த் திரும்பி வரும்படி சொன்னார். டேப் நடந்தார். தான் ஏதோ மல்யுத்தத்துக்குப் போகிற மாதிரி அவருக்குத் தோன்றியது. எல்லோரும் சிரிக்கப் போகிறார்கள் என்று காது சிவந்தது. அடியைக் குறைக்கச் சொல்லி உடம்பு கெஞ்சியது. அவர் குறைக்கவில்லை. கல்லை வட்டமாகச் சுற்றித் திரும்பிப் பார்த்தால், அதிகாரி பாதியிலேயே பார்ப்பதை விட்டுவிட்டுப் போனில் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடித்ததும், திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடும்படி சொல்லி வண்டியில் ஏறினார். அவ்வளவுதான்.

அதிகாரியோடு வந்திருந்த செயின்மேன் பக்கத்தில் வந்தார். “சீக்குன்னாங்க சார். பழைய நடைதானே நடக்குறீங்க?”

டேப் தன் கால்களைக் குனிந்து பார்த்தார்.

“பழைய நடை தானா வந்துச்சுப்பா. இதுல ஒவ்வொரு அடியும் நான் வச்சது.”