அம்முலு வீட்டு விளக்கு

முத்துகிருஷ்ணன் சாவதைக்கூட ஒழுங்காகச் செய்யவில்லை என்பதுதான் அவன் மனைவி அம்முலுவின் எண்ணம். காவாந்தண்டலத்தில் ஒரு டீக்கடைக்குப் பின்னால் சீட்டாடிக்கொண்டிருந்தவன், கையிலிருந்த சீட்டைக் கீழே வைக்க மனமில்லாமல் நெஞ்சைப் பிடித்தபடி சாய்ந்தான். கூட ஆடியவர்கள் அவனைத் தூக்குவதற்கு முன் அவன் சீட்டைப் புரட்டிப் பார்த்தார்களாம். அதிலும் ஒன்றும் இல்லையாம்.

அம்முலு பழையசீவரத்துப் பெண். கல்யாணமாகி வந்தபோது சீர்வரிசையோடு ஒரு காமாட்சி விளக்கும் வந்தது. பொழுது சாய்வதற்குள் வாசல் பெருக்கி, பின்கதவைச் சாத்தி, முன்கதவைத் திறந்துவைத்து, முகம் கழுவி, தலையை முடிந்துகொண்டு அவள் விளக்கேற்றுவாள். திருவிளக்குப் பாட்டை ஒரு வரி விடாமல் பாடுவாள். கடைசியில் பாட்டில் இல்லாததைத் தன் பேச்சில் சேர்த்துக்கொள்வாள்.

"தாயே, வயல்ல தண்ணி நிக்கணும். கொயந்தைக்கு நோவு வரக்கூடாது. இந்த ஆளுக்குப் புத்தி வரணும்."

முதல் இரண்டும் அவ்வப்போது பலித்தன.

அந்த ஆள் சுவரில் சாய்ந்து பீடி பிடித்தபடி, "எண்ணெ தண்டம்" என்பான். இத்தனை வருஷத்தில் அந்த விளக்குக்காக அவன் ஒரு தீக்குச்சி கிழித்ததில்லை. அப்படிப்பட்டவன் செத்ததும், விளக்கைத் தொடும் தகுதி அவளுக்குப் போய்விட்டது என்றார்கள்.

சொன்னது சுலோச்சனா. முத்துகிருஷ்ணனின் அண்ணன் பஞ்சாட்சரத்தின் மனைவி. எதிர்வீடு. காரியம் முடிந்த மறுநாள் வந்து உட்கார்ந்தாள்.

"வெளக்க சுமங்கலி கையாலதான் ஏத்தணும் அம்முலு. உன் பொண்ணு பூஜா ஏத்தலாம், கன்னி கயியாதது. ஆனா அது கம்பெனி பஸ்ஸுல வந்து எறங்கறதுக்குள்ள இருட்டிடுது. நானே வந்து ஏத்திட்டுப் போறேன். நீ கை வெக்காத."

பக்கத்தில் நின்ற பஞ்சாட்சரம், வயல் வரப்புத் தகராறைத் தீர்த்துவைத்தவர்போலத் தலையாட்டினார். துக்க வீட்டில் பேசக்கூடாது என்று யாரோ அம்முலுவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து பொழுது சாய்ந்தால் சுலோச்சனா வந்துவிடுவாள். கால் கழுவ மாட்டாள். திரியை விரலால் இழுத்துவிட்டு, எண்ணெயைக் கீழே சிந்தி, பற்றவைத்ததும் செல்போனைச் சாமி படத்துக்கு முன்னால் சாய்த்து வைப்பாள். பாட்டு அதில்தான் வரும். நடுவில் பிரஷர் குக்கர் விளம்பரம் வரும். சுலோச்சனா அதற்கும் கண்மூடிக் கும்பிட்டபடி நிற்பாள். பாட்டு திரும்ப வந்ததும் கண்ணைத் திறந்து அடுப்படியை நோட்டம் விடுவாள்.

"இன்னா, கருவாட்டு வாசன வருது? வெள்ளிக்கெயமைல?"

"பக்கத்து வூடு."

"பூஜாவுக்கு எத்தினி பவுனு சேத்து வெச்சிக்கீற?"

அம்முலு அடுப்படி நிலையில் கைகட்டி நின்று இவளைப் பார்ப்பாள். ஊரையே ஆசீர்வதிப்பதுபோல ஒரு முகம். மஞ்சள் பூசிய கன்னம். பாட்டில் ஒரு வரி தெரியாத வாய். தெருவில் ஒரு வீட்டுச் சங்கதியை அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைப்பதைத் தவிர அந்த வாய்க்கு வேறு வேலை உண்டா என்று அம்முலுவுக்குத் தெரியாது. இந்தக் கைதான் சுத்தமான கை. ஏனென்றால் இவள் புருஷன் இன்னும் மூச்சு விடுகிறான்.

பூஜாவைப் பெண் பார்க்க வாலாஜாபாத்திலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தார்கள். மாப்பிள்ளை கலைச்செல்வன், அவன் அம்மா ராணியம்மாள், இரண்டு உறவுக்காரர்கள். ராணியம்மாள் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, மாப்பிள்ளை வந்து தங்கும்போது ஏசி போடுவதற்கு இந்த வீட்டு வயரிங் தாங்குமா என்பது.

சுலோச்சனா பட்டுப்புடவை கட்டி, பஞ்சாட்சரத்தோடு வந்திருந்தாள். "நீ உள்ளயே இரு அம்முலு. நான் வெளக்கேத்தி, தாம்பாளம் வெச்சப்புறம் கூப்புடறேன்" என்று அவளை அடுப்படிக்குள் தள்ளினாள். பூஜா காபி கொடுத்துவிட்டு அறைக்குப் போயிருந்தாள். பெற்றவள் மிளகாய்ப்பொடி டப்பாக்களுக்கு நடுவில் நின்றாள்.

கூடத்தில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். சுலோச்சனா செல்போனைச் சாய்த்து வைத்தாள். பாட்டு வரவில்லை.

"நெட்டு சுத்திக்கினே கீது" என்று இளித்தாள்.

"பரவால்ல, வாயாலயே பாடுங்கம்மா" என்றாள் ராணியம்மாள்.

சுலோச்சனா தொண்டையைச் செருமினாள். முதல் வரியைப் பாடினாள். மறுபடியும் முதல் வரியைப் பாடினாள். மூன்றாவது முறையும் அதையே தொடங்கி, அது எங்கோ பிள்ளையார் பாட்டுக்குள் போய், அங்கிருந்து முருகனிடம் இறங்கி, "எல்லாரும் நல்லா இருக்கணும்" என்று முடிந்தது. கிழித்த குச்சியை ஃபேன் காற்று அணைத்தது. அடுத்ததையும் அணைத்தது. ஃபேனை நிறுத்த வேண்டும் என்று அங்கே நின்ற ஒருவருக்கும் தோன்றவில்லை.

அடுப்படியிலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. புருஷன் செத்தபிறகு அந்த வீட்டில் அம்முலு வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்துக்கொண்டே வெளியே வந்து ஃபேனை நிறுத்தினாள். சுலோச்சனாவின் கையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தாள்.

"நவுருக்கா."

"அம்முலு! இன்னா பண்ற? நல்ல காரியம் நடக்கற எடத்துல!" என்று பஞ்சாட்சரம் குரலை உயர்த்தினார்.

"நல்ல காரியந்தான் மாமா பண்ணிக்கினு கீறேன். செத்த சும்மா இருங்க."

விளக்கு ஒரே குச்சியில் பற்றிக்கொண்டது. அம்முலு பாடினாள். பாட்டு முடிந்ததும் வழக்கம்போலச் சொந்தப் பேச்சுக்கு வந்தாள். வயலுக்குத் தண்ணீர் கேட்டாள். மகளுக்கு நோவு வேண்டாம் என்றாள். பிறகு தலையைத் திருப்பி, கூடத்தில் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"இங்க கீற அத்தினி பேருக்கும் புத்தி குடு தாயே."

ராணியம்மாள் பாதிக் காபியைக் கீழே வைத்தாள். கலைச்செல்வன் தான் கோபப்படவேண்டுமா வேண்டாமா என்று தெரிந்துகொள்ள அம்மாவின் முகத்தைப் பார்த்தான். "சொல்லி அனுப்பறோம்" என்று எழுந்து போனார்கள். அடுத்த நாளே தரகர் போன் செய்தார். சகுனம் சரியில்லையாம்.

பூஜா அழுதாள்.

"ஒரு நாளு பொறுத்துக்கினா இன்னாம்மா? அவங்க போனப்புறம் ஏத்தியிருக்கக் கூடாதா?"

மகள் கேட்டதில் நியாயம் இருந்தது, அது அம்முலுவைக் குத்தியது. விளக்கைப் புளிபோட்டுத் தேய்க்க எடுத்தாள். ராணியம்மாளை நினைத்தாள், காறித் துப்பவேண்டும்போல இருந்தது. சுலோச்சனாவை நினைத்தாள், அப்படியே இருந்தது. இத்தனை மாதம் அடுப்படி நிலையில் கைகட்டி நின்ற ஒருத்தியையும் நினைத்தாள். சொந்த விளக்கை இன்னொருத்தி எண்ணெய் சிந்தி அழுக்காக்குவதைப் பார்த்துக்கொண்டு, மனசுக்குள் மட்டும் ஏசிக்கொண்டிருந்தவள். மற்ற இருவரையும்விட அவள்மேல்தான் அதிகக் கசப்பு வந்தது.

பூஜா கோபம் ஆறிய பிறகு தானாகவே சொன்னாள்: "அந்தாளு என்னாண்ட ஒரு வார்த்த பேசல. நாங்க பஸ்ஸுல போனாக்கூட டிக்கெட்ட அவங்கம்மாதான் வாங்கணும்."

சுலோச்சனா மறுபடியும் வராமல் இல்லை. பூவோடு வந்தாள். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாசல்படியில் நின்றாள்.

"உன் நல்லதுக்குத்தாண்டி சொல்றேன். ஊரு இன்னா பேசும்?"

"நீ பேசறதத்தான்க்கா ஊரு பேசும். உள்ள வர்றதா இருந்தா காலக் கழுவிக்கினு வா."

சுலோச்சனா போய்விட்டாள். அதன்பிறகு தெருவில் மஞ்சள் குங்குமம் கொடுக்கும்போது அம்முலு வீட்டைத் தாண்டிப் போனார்கள். புருஷன் செத்தபிறகு அவளுக்குக் கொடுத்ததில்லை, பூஜாவுக்குக் கொடுப்பார்கள். இப்போது அதுவும் இல்லை.

கார்த்திகை தீபத்தன்று அம்முலு வாசலில் அகல்களை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தபோது, தெருக்கோடி சசிரேகா வந்தாள். போன ஆடியில் புருஷனைப் பாம்புக்குக் கொடுத்தவள், சின்ன வயசு. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அக்கா, நானும் ஏத்தலாமா?"

"உன் வூட்டு வெளக்குக்கு என்னாண்ட வந்து இன்னாத்துக்குக் கேக்கற? போயி ஏத்து."

"மாமியாரு திட்டுவாங்கக்கா."

"திட்டட்டுமே. திட்டினா காது அறுந்தா பூடும்?"

சசிரேகா தலையாட்டிவிட்டுப் போனாள். அம்முலு அகல் எல்லாம் ஏற்றி முடித்து, தெருக்கோடியைப் பார்த்தாள். அந்த வாசல் இருட்டாகவே இருந்தது. வெகுநேரம் இருட்டாகவே இருந்தது.

"தொடநடுங்கி" என்று முணுமுணுத்தாள். பிறகு எண்ணெய்க் கிண்ணத்தையும் ஒரு கை திரியையும் எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டி, அந்தப் பக்கம் நடந்தாள்.