நான் போட்ட கையெழுத்து

டென்மார்க்கின் ஒடென்சே நகரில் என் மகளுக்கு டென்னிஸ் பழக்கியவர் ஒரு ரஷ்யப் பெண். பதினைந்து வருடங்கள் அதையே தொழிலாக ஆடியவர். எட்டு வயதில் வீட்டைவிட்டு விளையாட்டுப் பள்ளி விடுதிக்குப் போனாராம். பிறகு நாடு நாடாகச் சின்னச் சின்னப் போட்டிகள். இரவெல்லாம் பேருந்தில் தூங்கி, காலையில் இறங்கி ஆடுவது. பெரிய போட்டியொன்றில் ஒரேயொரு தடவைதான் முதற்சுற்று ஆடினார். அதில் தோற்றதோடு தோள்பட்டையும் போய்விட்டது. இரண்டு சத்திரசிகிச்சை செய்தும் சரிவரவில்லை. டென்மார்க்காரர் ஒருவரை மணந்து இங்கு வந்து, பிரிந்து, தனியாக இருந்தார்.

அவரிடம் கார் இல்லை. முதியோர் இல்லத்தில் வேலை முடித்து மகளை ஏற்ற வரும்போது அவரையும் ஏற்றிப்போய் வீட்டில் இறக்குவேன். இதெல்லாம் அந்தப் பயணங்களில் கேட்டவைதான்.

உக்ரைனில் போர் தொடங்கிய கிழமை, காரில் அவர் அழுதார். போர் சரியென்று சொன்ன அண்ணனோடு பேச்சை நிறுத்திவிட்டாராம். "யாரிடமும் சொல்லாதீர்கள், அம்மா இன்னும் ரஷ்யாவில்தான் இருக்கிறார்" என்றார். சொல்லமாட்டேன் என்றேன்.

அடுத்த மாதம் டென்னிஸ் கழகத்துக்குப் பெற்றோர் எழுதிய கடிதம் ஒன்று கையெழுத்துக்காகச் சுற்றுக்கு வந்தது. அவர் போரைப் பற்றி வாயே திறக்கவில்லை, இப்படிப்பட்டவர் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று.

"எல்லாரும் போடுகினம். நீ மட்டும் போடாட்டி என்ன நினைப்பினம்?" என்றார் என் கணவர்.

போட்டேன். அவர் அழுததை நான் வெளியே சொல்லாமல் இருந்தது அவருக்குக் கொடுத்த வாக்கு என்று பலநாள் என்னை நானே சமாதானப்படுத்தினேன். ஆனால் கையெழுத்துப் போடும்படி அவர் கேட்கவில்லையே.

அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நானும் கையெழுத்துப் போட்டது மகளுக்குத் தோழி மூலம் தெரியவந்தது. "அம்மா, நீங்களுமா?" என்று டேனிஷில் கேட்டாள். அதன்பின் அவள் விளையாடப் போகவில்லை.

கோடையில் அவர் வீட்டுக்குப் போனேன். சாமான்களைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார். யுட்லாந்துப் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. சொல்ல வந்ததை நான் தொடங்கும் முன்னரே, "கடிதத்தை எனக்குக் காட்டினார்கள்" என்றார். பெட்டியொன்றை மூடிவிட்டு, "நீங்களும் உங்கள் நாட்டுப் போருக்குத் தப்பி வந்தவர் என்றுதான் உங்களிடம் சொன்னேன்."

மன்னிப்புக் கேட்டேன். தலையசைத்தார். மன்னித்ததற்கா, போகச் சொல்லியா, எனக்கு விளங்கவில்லை.

"மகளைக் கூட்டிவரட்டுமா?"

"வேண்டாம். அவளுக்கு எழுதிவிட்டேன்."

என்ன எழுதியிருந்தார் என்று மகள் எனக்குக் காட்டவில்லை. கேட்கும் துணிவு எனக்கு இன்னும் வரவில்லை.